உறையும் இரத்தமும் ஒழுகும் இரத்தமும்

இரத்தம் ஒழுகக் கண்டால், அது உறையும் ஆற்றலை இழந்துவிட்டது என்று கருதுவது மக்கள் இயல்பு. அளவுக்கு மிஞ்சி உறைந்தமையாலேயே இரத்தம் ஒழுகத் தொடங்கும் நிலை ஒன்றும் உண்டு என்றால் நம்புவார் சிலரே. கேட்பதற்கு விகடம்போல் தோன்றும் இவ்வுண்மையை யான் வைத்தியக் கல்லூரியில் கற்றேனல்லேன். என் வீட்டு நாய் ஏழு நாள் நோயுற்றுக் கிடந்தபோது அதன் கூண்டருகே நின்று கற்றேன்.

நாயின் நோயைப் பற்றியும் ஒரு கட்டுரையா என்று முகஞ்சுளிக்கும் அன்பர்கள் இருக்கக்கூடும். பைரவன் வாகனம் என்று படத்திலுள்ள நாயைக் கும்பிட்டுவிட்டுத் தெருவிலுள்ள நாயைக் கல்லாலடிக்கும் சமூகமல்லவா நம்முடையது? அன்னார் சற்றுப் பொறுத்துப் படிப்பாராக. மனிதர்க்கு இன்று உயிர்காக்கும் மருந்துகள் சில, நாயின் ஈரலிலிருந்தும் கணையத்திலிருந்தும் பிறந்த அறிவின் பயனாய்க் கிடைத்தவையே. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

எங்கள் நாயின் பெயர் ஜிம்மி. தமிழ்ப் பெயர் கிடைக்கவில்லையா என்று தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் என்னைக் கேட்டதுண்டு. பெயரிட்டவர்கள் பிள்ளைகள், அவர்களையே கேளுங்கள் என்று சொல்லிவிட்டேன். கரிய நிறத்துப் பெட்டை நாய், எட்டு வயது, சற்றே பருத்த உடம்பு. யாம் வாழ்வது பேராக் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில். வீட்டின் பின்புறம் முன்னாளில் ரப்பர்க் காடாயிருந்து, பின்னர்ச் செம்பனைத் தோட்டமாய் மாறிய நிலம் கிடக்கிறது.

2023-ம் ஆண்டுத் தீபாவளி கழிந்த இரண்டாம் நாள் ஜிம்மி உணவைத் தொடவில்லை. எந்த வீட்டுக் குப்பையில் எவ்வளவு ஆட்டுக் கொழுப்பு அதற்குக் கிடைத்ததோ, யாரறிவார்? பிற்பகலுக்குள் ஆறேழு முறை வாந்தி எடுத்தது. மாலையில் அது நின்ற நிலைதான் எங்களை அச்சுறுத்தியது. முன்னங்கால்களை நீட்டி, மார்பைத் தரையிற் பதித்து, பின்புறத்தை உயர்த்தியவாறு அசையாது நின்றது. மிருக வைத்தியர்கள் இதனைத் ‘தொழும் நிலை’ என்பார்களாம். தொழுகையாவது, மண்ணாவது! வயிற்றின் மேற்பகுதியைப் பிசையும் வலியைச் சிறிதேனும் தணித்துக்கொள்ள அவ்வாயில்லா உயிர் கண்டுபிடித்த வழி அது.

முப்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள பட்டணத்து மிருக வைத்தியசாலைக்கு அன்றிரவே கொண்டு சென்றோம். அங்குப் பணிபுரியும் டாக்டர் அம்மையார் வயிற்று மயிரை மழித்து ஸ்கேன் செய்து பார்த்தார். கணையத்துக்கே உரிய லைபேஸ் என்னும் பொருள் இரத்தத்தில் மிகுந்திருக்கிறதா என்று காட்டும் சோதனையையும் செய்தார். கணைய அழற்சி என்பது துணியப்பட்டது.

கணையம் என்பது இரைப்பையை அடுத்து, சிறுகுடலின் தொடக்கத்தை ஒட்டிக் கிடக்கும் மெல்லிய சுரப்பி. உண்ட உணவிலுள்ள புலாலையும் கொழுப்பையும் கரைக்கும் நீர்களை அது ஆக்குகிறது. புலாலைக் கரைக்கவல்ல நீர், புலாலாலாகிய தன்னையே ஏன் கரைத்துவிடுவதில்லை? இயற்கை அதற்கொரு காவல் வைத்திருக்கிறது. டிரிப்சின் முதலிய அந்நீர்கள் கணையத்தினுள் உறங்கும் நிலையிலேயே இருக்கும். குடலை அடைந்த பின்னரே விழித்தெழும். அவை கணையத்துக்குள்ளேயே விழித்துக்கொள்வதுதான் இந்நோய். சுரப்பி தன்னைத்தானே செரிக்கத் தொடங்குகிறது. பிரெஞ்சு அறிஞர் கிளாட் பெர்னார்டு 1856-ம் ஆண்டில் ஒரு நாயின் கணையக் குழாயினுள் பித்தநீரையும் ஒலிவ எண்ணெயையும் செலுத்தி இந்நோயைச் செயற்கையாய் உண்டாக்கிக் காட்டினார். பாஸ்டன் நகரத்து ரெஜினால்டு பிட்ஸ் என்பார் 1889-ம் ஆண்டில் மனிதரிடத்து இதன் குறிகளை வகுத்துரைத்தார். தன்னைத் தானே செரித்தல் என்னும் கருத்தை 1896-ம் ஆண்டில் வெளியிட்டவர் ஹான்ஸ் கியாரி. கணையத்தைப் பற்றிய மனித அறிவின் முதற் பக்கத்திலேயே ஒரு நாய் கிடக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

நரம்பு வழியே உப்புநீர் ஏற்றினார்கள். வலி தணியவும் வாந்தி நிற்கவும் ஊசி போட்டார்கள். இந்நோய்க்குப் பலநாள் பட்டினி போடுவதே முன்னைய வைத்தியம். இக்காலத்தார் அதனைக் கைவிட்டு, வாந்தி அடங்கியதும் கொழுப்புக் குறைந்த உணவைச் சிறிது சிறிதாய்க் கொடுக்கின்றனர். பட்டினியால் குடலின் சுவர் நலிவதையே அவர்கள் அஞ்சுகின்றனர். இரண்டாம் நாள் ஜிம்மி வாலை ஒருமுறை அசைத்தது. பிழைத்தது என்று வீட்டில் எல்லாரும் மகிழ்ந்தோம்.

மூன்றாம் நாட் காலை யான் சென்றபோது, மழித்த வயிற்றிலே குண்டூசி முனையளவில் செம்புள்ளிகள் தூவினாற்போற் கிடந்தன. ஈற்றிலும் அவ்வாறே. இரத்தம் எடுப்பதற்காகக் கழுத்தில் ஊசி குத்திய இடம் நாவற்பழ நிறத்திற் கன்றியிருந்தது. முதல் நாள் 210,000 ஆக இருந்த இரத்தத் தட்டணுக்கள், மறுநாள் 120,000 ஆகி, அன்று 41,000 ஆகச் சுருங்கியிருந்தன. ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்துக்கு உரிய கணக்கு இது; நலமுள்ள நாய்க்கு ஏறக்குறைய இரண்டு இலட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும்.

அன்று மாலை அண்டை வீட்டுப் பெரியவர், நாற்பதாண்டு தோட்டத்தில் உழைத்து ஓய்ந்தவர், செய்தி கேட்டதும், “தம்பி, இது எலிப் பாஷாணம். செம்பனைக் காட்டுக்குள்ளே போய்த் தின்றிருக்கும். கொழுப்பும் இல்லை, கணையமும் இல்லை” என்று அடித்துக் கூறினார். அவர் கூற்றை அறியாமை என்று தள்ளிவிடுவதற்கில்லை. செம்பனைக் குலைகளை எலிகள் அழிப்பதால் தோட்டங்களில் விஷ உருண்டைகள் இடுவது நெடுநாள் வழக்கம். எலியைத் தின்னக் கூகைகளுக்குப் பெட்டிக்கூடு வைத்து வளர்க்கும் தோட்டங்களும் நம் நாட்டில் உண்டு, அவை வாழ்க! அவ்விஷங்களிற் பல, ஈரலில் வைட்டமின் கே செய்யும் பணியைத் தடுத்து, இரத்தத்தை உறைவிக்கும் பொருள்கள் உருவாகாதபடி செய்துவிடும். உண்ட சில நாளில் விலங்கு உள்ளே இரத்தம் ஒழுகி மடியும். வைட்டமின் கே உரிய காலத்தில் கொடுத்தால் பிழைக்கும்.

மற்றோர் ஐயத்துக்கும் இடமிருந்தது. உண்ணி கடிப்பதால் வரும் எர்லிக்கியா என்னும் காய்ச்சலும் தட்டணுக்களைக் குறைத்து இரத்தம் ஒழுகச் செய்யும். இஃது எங்கோ பிற கண்டத்து நோயென்று எண்ணற்க. 1963-ம் ஆண்டில் சிங்கப்பூரிலிருந்த பிரிட்டிஷ் படையின் நாய்கள் இதனால் தாக்குண்டன. பின்னர் வியட்நாம் போரில் அமெரிக்கப் படைநாய்களும் பெருந்தொகையாய் மாண்டன. ஈரமும் வெப்பமும் நிறைந்த நம் நாட்டில் உண்ணிக்கா பஞ்சம்?

ஆக, வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும் மூன்று நோய்கள். மூன்றுக்கும் மருந்து வேறு. பெரியவரின் சொல்லை டாக்டர் அம்மையாரிடம் அப்படியே கூறினேன். அவர் நகைக்கவில்லை. “அவர் சொல்வதை நானும் நினைத்தேன், ஐயா. சோதித்துப் பார்த்துவிடுவோம்” என்றார். உண்ணிக் காய்ச்சலுக்குரிய சோதனையில் ஒன்றும் இல்லை. எலி விஷமாயின் இரத்தம் உறைய மிக நீண்ட நேரம் பிடிக்க வேண்டும். தட்டணுக்கள் இவ்வளவு குறையா. ஜிம்மியின் இரத்தம் உறைய எடுத்துக்கொண்ட நேரமோ சிறிதே மிகுந்திருந்தது. தட்டணுக்கள் பெரிதும் குறைந்திருந்தன. கோலாலம்பூர் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த முடிவுதான் வழக்கைத் தீர்த்தது. டி-டைமர் என்பது, உறைந்த இரத்தக் கட்டி மீண்டும் கரையும்போது உதிரும் துணுக்கு. அத்துணுக்குகள் பல மடங்கு மிகுந்திருந்தன. உறைந்தாலன்றோ உதிரும்? கண்ணுக்குப் புலப்படாமல் அந்த உடம்பு முழுவதும் இரத்தம் உறைந்துகொண்டிருந்தது என்பதற்கு அது சான்று.

இதன் இயக்கத்தைத் தோட்டத்து வாசகர்க்கு விளக்குவது எளிது. பட்டையைச் சீவினால் பால் ஒழுகுகிறது. சற்று நேரத்தில் வெட்டுவாயிலேயே உறைந்து நின்றுவிடுகிறது. காயம்பட்ட இடத்தில் இரத்தம் செய்வதும் அதுவே. தட்டணுக்கள் ஓடிவந்து ஒட்டிக்கொள்ள, திராம்பின் என்னும் பொருள் பைப்ரின் நூல்களைப் பின்னி வலை விரிக்கிறது. கொட்டகையில் தட்டிலிட்ட பாலுக்கு அமிலம் விட்டால் உறைகிறது. உறையாமலிருக்க வேண்டுமாயின் அம்மோனியா சேர்க்கிறோம். இரத்தத்திலும் இரண்டும் உண்டு. திராம்பின் அமிலம் போன்றது. ஆன்டித்திராம்பின் அம்மோனியா போன்றது. இரண்டும் நிறைகோல்போல் நிற்கும் வரையில் உயிருக்கு இடையூறில்லை.

கணையம் அழன்று வேகும்போது அங்கிருந்து எழும் நச்சுச் செய்தி இரத்தத்தோடு உடம்பெங்கும் பரவுகிறது. வெள்ளணுக்களும் குழாய்களின் உட்சுவரும் காயம் பட்டதுபோலவே மயங்கி, உறைவிக்கும் பொருளை வெளிக்காட்டுகின்றன. விழித்தெழுந்த டிரிப்சினும் அக்காரியத்துக்குத் துணைபோகிறது. ஒரு தட்டிலன்றி, தோட்டத்து மரம் ஒவ்வொன்றின் கோப்பையிலும் ஒரே நாளில் ஒருவன் அமிலத்தைத் தெளித்துச் சென்றால் என்னாகும்? நுரையீரலிலும் சிறுநீரகத்திலும் உள்ள மயிரிழை போன்ற குழாய்களிலெல்லாம் சிறு சிறு கட்டிகள் தோன்றுகின்றன. அவற்றைச் செய்வதிலேயே தட்டணுக்களும் உறைபொருள்களும் செலவாகிவிடுகின்றன. தடுத்து நிறுத்தவேண்டிய ஆன்டித்திராம்பினும் தீர்ந்துபோகிறது. பிறகு ஓர் ஊசி குத்திய துளையை அடைப்பதற்கும் பொருளில்லை, இரத்தம் கசிகிறது. உடல் முழுதும் பரவிய இவ்வுறைவை ஒரு தனி நோயாகக் கொள்ளாமல், பல நோய்களுக்கும் மரணத்துக்கும் இடைநின்ற பொதுவழியாகக் காணவேண்டும் என்று 1965-ம் ஆண்டில் டொனால்டு மக்கே என்னும் அமெரிக்க வைத்தியர் ஒரு நூலே எழுதினார். குழந்தைப் பேற்றின் இடர்களிலும் நச்சுக் காய்ச்சலிலும் மனிதரை மாய்ப்பதும் இதுவேயாகும்.

“இரத்தம் கசிகிறதே, உறைவிக்கும் மருந்து கொடுக்கலாகாதா?” என்று கேட்டேன். எவரும் கேட்கும் கேள்விதான். அம்மையார், “இரத்தம் தன் வேலையைத்தான் செய்கிறது, ஐயா. கணையம் கூப்பிடுகிறது, இது ஓடுகிறது. கூப்பிடுவதை நிறுத்தினால் ஓட்டமும் நிற்கும். இப்பொழுது உறைவிக்கும் மருந்து கொடுத்தால், கரையவேண்டிய கட்டிகளும் கரையாமல் நின்றுவிடும்” என்றார்.

அப்படியாயின் உறைவைத் தடுக்கும் மருந்தைக் கொடுக்கலாமே? இவ்விடத்தில் ஹெப்பரினின் கதையைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. 1916-ம் ஆண்டில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் கல்லூரியில் வில்லியம் ஹோவெல் என்னும் பேராசிரியரிடம் ஜே மக்லீன் என்னும் மாணவர் ஆராய்ந்துகொண்டிருந்தார். அவர் தேடியது இரத்தத்தை உறைவிக்கும் பொருளை. நாயின் ஈரலிலிருந்து அவருக்குக் கிடைத்ததோ, இரத்தத்தை உறையவொட்டாமல் தடுக்கும் பொருள்! ஈரலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைக் கொண்டு 1918-ம் ஆண்டில் ஹோவெல் அதற்கு ஹெப்பரின் என்று பெயரிட்டார். இன்று இதய அறுவையிலும் சிறுநீரகச் சுத்திகரிப்பிலும் அம்மருந்தின்றி வைத்தியர் கை அசையாது. 1921-ம் ஆண்டில் டொராண்டோ நகரில் பான்டிங், பெஸ்ட் என்னும் இருவர் இன்சுலினைக் கண்டறிந்ததும் நாயின் கணையத்தைக் கொண்டே. நீரிழிவுக்கு ஊசி போட்டுக்கொள்ளும் நம்மவர் எத்தனை ஆயிரவர்! முன்னே முகஞ்சுளித்த அன்பர்க்கு யான் கூற விரும்பியது இதுவே.

நிற்க. ஜிம்மிக்கு ஹெப்பரின் கொடுக்கப்படவில்லை. கசிவு தொடங்கிவிட்ட உடம்பில் அதனைச் செலுத்துவது, கரை உடையும் நேரத்தில் மதகைத் திறப்பதாகும். பிற நாயின் இரத்தத்திலிருந்து பிரித்த பிளாஸ்மாவை ஏற்றினால் தீர்ந்துபோன பொருள்கள் மீளும் என்பது நெடுங்காலம் நம்பப்பட்ட முறை. ஆனால் 1995 முதல் 2005 வரை கணைய அழற்சியுற்ற 77 நாய்களின் வரலாற்றைத் திரட்டி 2009-ம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், பிளாஸ்மா பெற்றவை அதனால் மிகுதியாய்ப் பிழைத்ததாகக் காணப்படவில்லை. பெற்றவற்றுள்ளேதான் மடிந்தவை மிகுதி. நோய் முற்றியவற்றுக்கே அது கொடுக்கப்பட்டிருக்கக்கூடும் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். வெளிப்படையாய் இரத்தம் பெருகினாலன்றிப் பிளாஸ்மா ஏற்றுவதில்லை என்று அம்மையார் முடிவு செய்தார். வெள்ளணுக்கள் கணையத்துக்குள் திரண்டு புகாதபடி தடுக்கும் பியூசாப்லாடிப் என்னும் மருந்து ஜப்பானியரால் ஆக்கப்பட்டது. அமெரிக்க அரசு 2022-ம் ஆண்டில் அதற்கு நிபந்தனையோடு அனுமதி வழங்கியது. அப்பட்டணத்து வைத்தியசாலையில் அம்மருந்து இருக்கவில்லை. நீரும், வலி தணிக்கும் ஊசியும், கண்காணிப்புமே கையிலிருந்தவை. கழுத்தில் மீண்டும் ஊசி குத்தாமல், காலின் மெல்லிய நரம்பிலிருந்தே இரத்தம் எடுத்து, நெடுநேரம் விரலால் அழுத்திப் பிடித்தார்கள். சும்மா இருப்பது போன்ற அவ்வைத்தியத்தைக் காணப் பொறுமை வேண்டும்.

ஜிம்மியின் கூண்டுக்கு அடுத்த கூண்டில் சாம்பல் நிறத் தாடியுடன் ஷ்னாசர் இனத்து ஆண்நாய் ஒன்று கிடந்தது. இரத்தத்திற் கொழுப்பு மிகுவதும், அதனோடு கணையம் அழல்வதும் அச்சிற்றினத்துக்கு அடிக்கடி நேர்வன. அதன் இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் நிறுத்தி வைத்தபோது மேலே தேறிய நீர் தேங்காய்ப் பால்போல் வெளுத்திருந்ததை அம்மையார் எனக்குக் காட்டினார். அதனைக் கொண்டுவந்தவர் மனைவியை இழந்து தனியே வாழும் சீன முதியவர். நாள்தோறும் இருவரும் மர நாற்காலியில் அருகருகே அமர்ந்திருப்போம். ஒரே நோய், ஒரே வைத்தியம். அவர் நாய்க்குப் புள்ளியில்லை, கன்றலில்லை, தட்டணுக்களும் குறையவில்லை. யான் உள்ளத்தில் அவர்மீது பொறாமை கொண்டதுமுண்டு. ஐந்தாம் நாள் அந்நாய் எழுந்து நின்று ஒரு கிண்ண உணவை உண்டது. மறுநாள் காலை வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அன்று நள்ளிரவுக்குப் பின் அதற்குத் திடீரென்று மூச்சு வாங்கியது, நாக்கு நீலித்தது. பிராணவாயு கொடுத்தும் விடியுமுன் இறந்தது. நுரையீரலின் பெருங்குழாயை இரத்தக் கட்டி ஒன்று அடைத்திருக்க வேண்டும் என்றார் அம்மையார். நோயால் உறைதன்மை மிகுந்த இரத்தம், ஓரிடத்தில் திரண்டு கட்டியாகி, ஓட்டத்தோடு சென்று நுரையீரலில் தங்கும். கணையத்தை அடுத்துள்ள மண்ணீரல் நரம்பிலும், ஈரலுக்குச் செல்லும் பெருநரம்பிலும்கூட இந்நோயில் அவ்வாறு கட்டி உண்டாவதுண்டு. ஒரே தீ இரு வீட்டைப் பற்றியது. ஜிம்மியின் இரத்தம் செலவாகி ஒழுகிற்று. அதன் இரத்தம் செலவாகாமல் திரண்டு அடைத்தது.

முதியவர் என்னைப் பார்த்து மலாய் மொழியில், “நேற்றுச் சாப்பிட்டதே, நீங்களும் பார்த்தீர்களே?” என்று கேட்டார். பார்த்தேன் என்றேன். வேறென்ன சொல்ல இயலும்?

உறைவைத் தடுக்கும் மருந்தை எந்நோயுற்ற விலங்குக்கு முன்னதாகவே கொடுக்க வேண்டும் என்பதை ஆராய்ந்து, 2019-ம் ஆண்டில் மிருக வைத்திய நிபுணர் குழு ஒன்று நெறிமுறை வகுத்தது. தன் செவ்வணுக்களைத் தானே அழிக்கும் இரத்தசோகையுற்ற நாய்க்கும், சிறுநீரில் புரதம் கழியும் நாய்க்கும் கொடுக்க வேண்டும் என்று உறுதியாய்க் கூறியது. கணைய அழற்சி அம்முதல் வரிசையிலில்லை. அவ்வந்நாயின் நிலைநோக்கி வைத்தியரே துணிய வேண்டும். காலையில் உறைவுக்கு அஞ்ச வேண்டும். மாலையில் ஒழுக்குக்கு அஞ்ச வேண்டும். மூன்றாம் நாள் ஜிம்மியின் வயிற்றிற் புள்ளிகளைக் கண்ட வைத்தியர், அடுத்த கூண்டின் நாய்க்கு உறைவுத் தடுப்பு மருந்து கொடுக்கத் தயங்கியிருந்தால் அவரை யார் குறைகூற முடியும்? பட்டணத்து வைத்தியசாலையில் நாள்தோறும் தட்டணுக்களை எண்ணுவதே அரிது. எண்ணும்போதும், முதல் நாட்கணக்கைத் தனியே வைத்துப் பார்த்தால் அது ஒன்றையும் சொல்வதில்லை. 210,000 என்பது நல்ல எண்ணாகவே தோன்றியது. 120,000 என்பதும் அச்சந்தரவில்லை. இரண்டையும் அடுத்தடுத்து எழுதிப் பார்த்தவர்க்கே சரிவு தெரிந்தது.

ஜிம்மியின் கணக்கு நான்காம் நாள் 38,000; ஆறாம் நாள் 85,000. வயிற்றுப் புள்ளிகள் மங்கிப் பழுப்பாயின. ஏழாம் நாள் வீடு திரும்ப அனுமதி கிடைத்தது. கட்டணம் செலுத்தச் சென்றபோது, மேசைமீது கொழுப்புக் குறைந்த உணவு அடைத்த நான்கு டின்கள் இருந்தன. அம்முதியவர் தம் நாய்க்காக வாங்கியவை. கறுப்பு நாய்க்குக் கொடுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டுச் சென்றாராம். அவர் முகவரியைக் கேட்டேன். கொடுப்பது வழக்கமில்லை என்றனர்.

ஜிம்மி அந்த நான்கு டின்களையும் ஆறு நாளில் தின்று தீர்த்தது. அதன்பின் தோல் நீக்கி அவித்த கோழியும் சோறுமே அதற்கு உணவு. எலி விஷமேதான் என்பதில் அண்டை வீட்டுப் பெரியவர் இன்னும் உறுதியாயிருக்கிறார். ஆயினும், தம் வீட்டு விருந்தின் எலும்பையும் கொழுப்பையும் இப்பொழுது வேலிக்கு வெளியே எறிவதில்லை. குழி தோண்டிப் புதைக்கிறார்.